பழைய மலைச் சைக்கிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கஞ்சமலை அடிவாரத்து மண்பாதைகளில் சைக்கிள் ஓட்டிப் பழகி, பிறகு ஒருநாள் ஏற்காடு ஏறிவிட வேண்டும் என்று ஆசை. கியர் சைக்கிள் இதுவரை ஓட்டியதில்லை. புதிதாக வாங்கப் பணம் போதாது. எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். விளம்பரத்தில் இரண்டு பழைய சைக்கிள்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, வாங்கி இரண்டு வருடம் ஆனது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், 21 கியர், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். புதுசு போலவே இருக்கிறது, விலை 11,000. இன்னொன்று ஒன்பது வருடம் பழசு. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 24 கியர், ரப்பர் கட்டை பிரேக், பெயின்ட் உரிந்திருக்கிறது. ஆனாலும் 10,000 கேட்கிறார்கள். அண்ணன் முதலாவதை வாங்கச் சொல்கிறான். எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் படங்களைப் பார்த்ததுமே, “ரெண்டாவதை விட்டுராதம்மா” என்றார், காரணம் சொல்லவில்லை. வசதி குறைந்த, அழுக்கான, பழைய சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு விலை? பழைய சைக்கிளை எப்படிப் பார்த்து வாங்குவது?

— வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடைக்காரர் படத்தில் எதைப் பார்த்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. அநேகமாகப் பின்சக்கரத்தின் நடுப்பகுதியை. அங்கே போவதற்கு முன் உங்கள் அண்ணன் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் மலைச் சைக்கிள் வாங்கும் பெரும்பாலானோர் நினைப்பது அதுதான். ஒன்றைவிட இரண்டு சஸ்பென்ஷன் மேல், ரப்பர் பிரேக்கைவிட டிஸ்க் பிரேக் மேல், ஒன்பது வருடப் பழசைவிட இரண்டு வருடப் பழசு மேல். தனித்தனியாகக் கேட்டால் மூன்றுமே நியாயம். விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு மாறுகிறது.

சைக்கிள் தயாரிக்கும் நிறுவனம் ஒரு மாடலை என்ன விலைக்கு விற்பது என்பதை முதலில் முடிவு செய்துவிடும். பிறகு அந்தத் தொகைக்குள் பிரேம், ஃபோர்க், சக்கரம், கியர், பிரேக் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். குறைந்த விலைச் சைக்கிளில் பின்சஸ்பென்ஷனையும் டிஸ்க் பிரேக்கையும் நுழைக்க வேண்டுமென்றால் அதற்கான பணத்தை வேறு பாகங்களிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எங்கிருந்து எடுப்பார்கள்? கடையில் நிற்கும்போது கண்ணில் படாத இடங்களிலிருந்து: சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருக்கும் பேரிங், அச்சு, ரிம்மின் தரம், ஃபோர்க்கின் உட்பாகங்கள். ஸ்பிரிங் இருப்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். பேரிங் எப்படி என்பது ஆறு மாதம் ஓட்டிய பிறகுதான் தெரியும்.

சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வேலைகள். பள்ளத்தில் விழும்போது அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஒன்று. அமுங்கிய பிறகு நிதானமாக எழுவது மற்றொன்று. முதல் வேலையை ஸ்பிரிங் செய்துவிடும். இரண்டாவதற்கு டேம்பிங் வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளி, ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்கும் அமைப்பு. மலிவான பின்சஸ்பென்ஷன்களில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். வாங்கிய அடியை அப்படியே திருப்பி உங்கள் மேல் எறிந்துவிடும். கற்கள் நிறைந்த இறக்கத்தில் சீட் உங்களை மேலே தூக்கிப் போடும்போது பின்சக்கரம் தரையில் பிடியை இழக்கும். பழகாதவர்கள் பயந்து விழுவது அந்த இடத்தில்தான்.

ஏற்றத்தில் வேறு தொல்லை. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும். உங்கள் கால் கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் சைக்கிளை மேலும் கீழும் ஆட்டுவதிலேயே போய்விடும். எடையும் கூடும். இந்த வகை மலிவான இரட்டைச் சஸ்பென்ஷன் சைக்கிள்கள் 18 கிலோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. முன்சஸ்பென்ஷன் மட்டும் உள்ள ஓரளவு நல்ல சைக்கிள் 13 முதல் 15 கிலோவுக்குள் அடங்கிவிடும். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல். நாலு கிலோ அதிகப்படி இரும்பு என்ன செய்யும் என்பதை மூன்றாவது வளைவிலேயே உங்கள் முழங்கால் சொல்லிவிடும். நல்ல பின்சஸ்பென்ஷன் என்று ஒன்று உண்டு, அதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இருக்கும் சைக்கிளின் விலை லட்சங்களில் பேசப்படும். அப்படி ஒன்றைப் பழையதாக வாங்கினாலும் அதன் பேரிங்குகளையும் எண்ணெய் சீல்களையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து கியர். 24 கியர் 21-ஐவிட நல்லது என்று நான் சொல்லப்போகிறேன். ஆனால் மூன்று கியர் கூடுதலாக இருப்பது அதற்குக் காரணமில்லை. இன்று உலகத்தின் விலையுயர்ந்த மலைச் சைக்கிள்களில் முன்னால் ஒரே ஒரு பற்சக்கரமும் பின்னால் பன்னிரண்டும் மட்டும் இருக்கின்றன. மொத்தம் 12 கியர், அவ்வளவுதான். 21 கியர் என்று எழுதியிருப்பதில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்; முன்னால் நடுப் பற்சக்கரத்தில் ஓட்டினாலும் பெரியதில் ஓட்டினாலும் அதே வேகம் வரும் ஜோடிகள் அதில் நிறைய. மிக இலகுவான கியர் எவ்வளவு இலகு என்பதுதான் மலைக்குத் தேவையான கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 21 கியர் சைக்கிளில் அதிகம் காணப்படும் அமைப்பில் முன்னால் சிறிய பற்சக்கரத்துக்கு 24 பற்கள், பின்னால் பெரியதற்கு 28. அந்தக் கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் 26 அங்குலச் சக்கரம் சுமார் 1.75 மீட்டர் நகரும். 24 கியர் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 22, பின்னால் 32. அதில் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.4 மீட்டர்தான். அதே ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஐந்தில் ஒரு பங்கு பலம் மிச்சம். புதிதாக ஏறுகிறவருக்கு, இறங்கித் தள்ளுவதா மெதுவாகவாவது ஏறிவிடுவதா என்பதை முடிவு செய்வது இந்த வித்தியாசம்தான். ஆகவே விற்பவரிடம் எத்தனை கியர் என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். முன்னால் சின்னதில் எத்தனை பல், பின்னால் பெரியதில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது கடைக்காரர் பார்த்த இடத்துக்கு வரலாம். 24 கியர் என்றால் பின்னால் எட்டுப் பற்சக்கரங்கள். எட்டும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள்களில் பெரும்பாலும் கேசட் இருக்கும். பற்சக்கரங்களை மட்டும் தனியாகக் கழற்றக்கூடிய அடுக்கு அது. பின்னோக்கிச் சுற்றும்போது டிக் டிக் என்று சத்தமிடும் பொறி ஹப்போடு சேர்ந்திருக்கும். ஏழு பற்சக்கரம் உள்ள மலிவான சைக்கிள்களில் ஃப்ரீவீல் இருக்கும். அதில் அந்தப் பொறியும் பற்சக்கரங்களும் ஒரே கட்டியாக ஹப்பில் மரை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். வித்தியாசம் அச்சில் தெரியும். ஃப்ரீவீல் வகையில் வலப்பக்கப் பேரிங் மிகவும் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் வெளிப்பகுதி தாங்கலில்லாமல் நீண்டு நிற்கும். மேடுபள்ளத்தில் குதித்துக் குதித்து ஓட்டினால் அந்த அச்சு வளையும், சில சமயம் ஒடியும். கேசட் வகையில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு.

நேரில் போனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பற்சக்கர அடுக்கை மட்டும் பின்னோக்கிச் சுற்றுங்கள். அச்சுக்கு அருகே கழற்றும் கருவியைப் பொருத்துவதற்கான காடிகள் தெரியும். அவை பற்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். இதைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் எட்டுப் பற்சக்கர அடுக்கிலும் மலிவான ஃப்ரீவீல் வருவதுண்டு.

பின்கியரை மாற்றித் தரும் சின்னக் கை, அதாவது டிரெய்லர், அதிலும் ஒரு பெயர் இருக்கும். ஷிமானோ நிறுவனத்தின் மலைச் சைக்கிள் பாகங்களில் டூர்னி கீழ்ப்படி. அதற்கு மேலே ஆல்டஸ், அசெரா, அலிவியோ, டியோர் என்று படிகள் ஏறிக்கொண்டே போகும். ஒன்பது வருடப் பழைய சைக்கிளில் அசெராவோ அலிவியோவோ இருந்தால் அந்தச் சைக்கிள் புதிதாக விற்கப்பட்டபோது உங்கள் முதலாவது சைக்கிளைவிட நல்ல விலைக்குப் போயிருக்கும். அதனால்தான் இன்றும் 10,000. ஆனாலும் இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: வெளியே தெரியும் பின்டிரெய்லரை மட்டும் உயர்ந்த படியில் போட்டுவிட்டு மற்றதெல்லாம் கீழ்ப்படியில் விடுவது சைக்கிள் வியாபாரத்தில் பழைய பழக்கம். பெயரைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மலைச் சைக்கிள் என்ற வகையே பழைய சைக்கிளில்தான் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஷ்வின் சைக்கிள்களைக் கிடைத்த விலைக்கு வாங்கி, தடித்த டயர் மாட்டி, மலைச்சரிவில் இறங்கினார்கள். அவர்கள் 1976-இல் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர் வந்ததே, இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டு வந்த பின்சக்கரப் பிரேக்கின் ஹப்பில் கிரீஸ் எரிந்து புகைந்து, மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு பிரேமைக் கட்டினார். மலைச் சைக்கிள்களில் சஸ்பென்ஷன் ஃபோர்க் பரவலானது அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் கழித்துத்தான். அதுவரை அவர்கள் டயரின் காற்றையே சஸ்பென்ஷனாக நம்பினார்கள். நீங்களும் நம்பலாம். ரோட்டில் 50 பிஎஸ்ஐ காற்றோடு ஓட்டும் டயரை மண்பாதையில் 30-க்குப் பக்கத்தில் இறக்கிப் பாருங்கள். பாதையே மாறியது போல இருக்கும். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

இனி நேரில் போய்ப் பார்ப்பது. போகும்போது ஒரு ஸ்கேல், ஒரு பழைய துணி, சைக்கிள் தெரிந்த ஒருவர். கடைக்காரரே வந்தால் நல்லது.

முதலில் அளவு. மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம், பிரேமின் அளவை மாற்ற முடியாது. ஷூ போட்டுக்கொண்டு சைக்கிளின் மேல்குழாயை இரு கால்களுக்கும் நடுவில் விட்டு, பாதங்கள் இரண்டும் முழுதாகத் தரையில் பதிய நில்லுங்கள். குழாய்க்கும் உங்களுக்கும் இடையில் குறைந்தது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். மண்பாதையில் திடீரென்று நின்று குதித்து இறங்க வேண்டி வரும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். பிறகு சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை விறைத்துக்கொண்டு நீண்டால் பிரேம் உங்களுக்குப் பெரிது. உங்கள் உயரத்துக்கு 15 அல்லது 16 அங்குலப் பிரேம் பொருந்தும். எஸ் என்று எழுதியிருக்கும். ஆண்கள் ஓட்டி விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை 17 முதல் 19 அங்குலம். “சீட்டை இறக்கிக்கலாம், சரியாயிடும்” என்று சொல்வார்கள். சீட் இறங்கும், மேல்குழாயின் நீளம் குறையாது.

சீட்டை இறக்கிக் காட்டச் சொல்வதில் வேறொரு நன்மையும் உண்டு. வருடக்கணக்கில் அசைக்காத சீட் குழாய் பிரேமுக்குள் துருவேறி இறுகிப்போயிருக்கலாம். அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு வந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் சைக்கிள்களில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தியிருக்கும். கழற்றவே முடியாவிட்டால் அந்த உயரத்தில்தான் காலம் முழுக்க ஓட்ட வேண்டும்.

அடுத்தது பிரேம். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெயிலில் வைத்து, வெல்டு செய்த ஒவ்வொரு மூட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் கழுத்து, சீட் குழாய் நுழையும் வாய், பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதி, இந்த மூன்றும் முக்கியம். மயிரிழை போன்ற கோடு தெரிந்து, நகம் அதில் மாட்டினால் விரிசல் என்று கொள்ளலாம். கழுத்துக்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடியில் பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தால் அந்தச் சைக்கிள் எங்கோ நேராக மோதியிருக்கிறது. பெயின்ட் உரிந்திருப்பது வேறு, சுருங்கியிருப்பது வேறு, உரிதலுக்குப் பயப்படாதீர்கள். இரும்புப் பிரேமில் விரிசல் விழுந்தால் நல்ல வெல்டர் ஒட்டித் தருவார். அலுமினியப் பிரேம் வெப்பப் பதம் கொடுத்து உறுதியாக்கப்பட்டது. வெல்டு வைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும். விரிசல் விட்ட அலுமினியத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ரப்பர் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, ஓரிடத்தில் நெருங்கி விலகுகிறதா? கொஞ்சம் கோட்டம் இருந்தால் கடையில் ஸ்போக்ஸை இறுக்கித் தளர்த்தி நேராக்கிவிடுவார்கள். ரிம் மேலும் கீழுமாக நெளிந்தால் அதை எடுப்பது கடினம். பின்சக்கரத்தின் மேற்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆட்டம் இருந்தால் ஹப்பைத் திறந்து கோன் இறுக்க வேண்டும், பால்ஸ் மாற்ற வேண்டும், செலவு சிறிதுதான். உங்கள் இரண்டாவது சைக்கிளில் ரப்பர் கட்டை பிரேக் என்பதால் ரிம்மின் பக்கவாட்டை விரலால் தடவுங்கள். கட்டை தேய்த்துத் தேய்த்து அங்கே குழிவு விழுந்திருந்தால் ரிம் மெலிந்துவிட்டது, சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு செயின். இங்கேதான் ஸ்கேல். சைக்கிள் செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் சரியாக அரை அங்குலம். ஆகவே ஏதாவது ஒரு ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், இருபது ஊசி தள்ளி இருபதாவதன் நடு 10 அங்குலத்தில், அதாவது 254 மில்லிமீட்டரில் விழ வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து அளந்தால் 255-ஐத் தாண்டினாலே தேய்மானம் தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 256-ஐத் தாண்டியிருந்தால் செயின் மட்டுமில்லை, பின்பற்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டால் பழைய பற்களில் உட்காராமல் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். பற்களையும் பாருங்கள். முனை மழுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாவின் துடுப்பு போல இருந்தால் அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது. பெடல் கைகள் இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஆடினால் பெடல் அச்சின் பேரிங் தேய்ந்தது, அதை மாற்றிவிடலாம். ஒரு கை மட்டும் ஆடினால் அதன் ஓட்டை தளர்ந்திருக்கலாம். அது கொஞ்சம் கவலைக்குரியது.

ஃபோர்க்கில் ரொம்ப நேரம் செலவழியுங்கள். இந்தச் சைக்கிளில் மாற்றுவதற்கு விலை அதிகமானதும், சக்கரம் 26 அங்குலம் என்றால் நல்லதாகக் கிடைப்பது அரிதானதும் அதுதான். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடம்பு எடையைப் போட்டு அமுக்குங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கி, அமைதியாக எழ வேண்டும். நடுவில் சிக்கிக்கொண்டாலோ, டங் என்று மேலே வந்து இடித்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. உள்ளே போய் வரும் பளபளப்பான குழாய்களில் துருப்புள்ளியோ கீறலோ இருந்தால் அந்தக் கீறல் ஒவ்வொரு அமுக்கத்திலும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். அதே நிலையில் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் டக் டக் என்றால் அங்கே பேரிங்கை இறுக்கினால் போதும், பயம் வேண்டாம். ஃபோர்க் செத்திருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் ஒன்றை மாட்டிக்கொள்ள வழியிருக்கிறது. விலையை அதற்கேற்றபடி இறக்கக் கேட்கலாம்.

டிஸ்க் பிரேக்கை இழக்கிறோமே என்று வருந்துவீர்கள். மழையிலும் சேற்றிலும் டிஸ்க் பிரேக் மேல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் காய்ந்த மண்பாதையில் புதுக் கட்டையும் புதுக் கேபிளும் போட்ட ரப்பர் பிரேக், மலிவான கேபிள் டிஸ்க்குக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. எந்தத் தெருக் கடையிலும் பழுது பார்ப்பார்கள். டிஸ்க் வைத்த சைக்கிளைப் பார்க்கப் போனால், அது எண்ணெயில் இயங்கும் வகையாக இருந்தால், லீவரை அழுத்திப் பிடித்தே இருங்கள். மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் எங்கோ கசிவு அல்லது காற்று இருக்கிறது.

கடைசியில் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு மேடு இருக்கும் தெருவுக்குப் போங்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் நழுவினால் அளவெடுத்தது சரியென்று தெரியும். எல்லாக் கியர்களையும் மாற்றிப் பாருங்கள். இரண்டொரு கியர் தயங்கி விழுவது கேபிள் தளர்ச்சியாக இருக்கும். பத்து நிமிட வேலை. கையை லேசாக விட்டால் சைக்கிள் ஒரு பக்கமே இழுக்கிறது என்றால் பிரேமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பிறகு பேரம். பழைய சைக்கிளின் விலை என்பது, விற்பவருக்குக் கொடுக்கும் தொகையோடு அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவும் சேர்ந்தது. உங்களிடம் இருப்பது மொத்தம் 12,000. அதில் ஹெல்மெட்டுக்கு முதலிலேயே எடுத்து வையுங்கள். ஹெல்மெட் மட்டும் புதிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. ஓவராயில் செய்ய, கேபிள்கள், பிரேக் கட்டைகள் மாற்ற என்று கடைக்காரரிடம் ஒரு தொகை கேட்டு அதையும் ஒதுக்குங்கள். செயினும் கேசட்டும் தேய்ந்திருந்தால் அவற்றின் விலையை அங்கேயே நின்று கடையில் விசாரித்து, கேட்கும் 10,000-இலிருந்து கழித்துச் சொல்லுங்கள். ஸ்கேலை வைத்து அளந்து காட்டிப் பேசுகிறவரிடம் விற்பவர் வம்பு செய்யமாட்டார். டயரைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளிநாடுகளில் 29 அங்குலச் சக்கரம் வந்து 26 பழையதாகிவிட்டது, அதனால் அந்த அளவு நல்ல சைக்கிள்கள் மலிந்தன. நம் ஊரில் அந்த அளவு டயரும் டியூபும் இன்னும் எளிதாகக் கிடைக்கும். உங்கள் உயரத்துக்குச் சின்னச் சக்கரம் திருப்பங்களில் வசதியும்கூட.

பணம் கொடுப்பதற்கு முன் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பில் இருந்தால் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பில் தொலைந்திருந்தால் விற்பவர் பெயர், முகவரி, எண், தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால் அது திருட்டுச் சைக்கிளாக இருக்கக் கூடும்; திருட்டுப் பொருளைத் தெரிந்து வாங்குவதும் குற்றம்.

எனவே உங்கள் இரண்டில் எது? கடைக்காரர் பக்கம்தான் நான், ஒரு நிபந்தனையோடு. இரண்டாவது சைக்கிளின் பிரேம் 17 அங்குலமோ அதற்கு மேலோ என்றால் அதையும் விட்டுவிடுங்கள். முதலாவதற்கும் திரும்பிப் போக வேண்டாம். முன்சஸ்பென்ஷன் மட்டும், 15 அல்லது 16 அங்குலப் பிரேம், எட்டு அல்லது ஒன்பது பற்சக்கரக் கேசட், இந்த மூன்றையும் வைத்துத் தேடிக்கொண்டே இருங்கள். ஃபயர்ஃபாக்ஸ், மான்ட்ரா, ராக்ரைடர் போன்றவற்றின் நடுத்தர மாடல்கள், ஆசையாக வாங்கி நாலு தடவை ஓட்டிவிட்டு மொட்டைமாடியில் நிறுத்தியவர்களிடமிருந்து விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும். கோவை, ஓசூர், பெங்களூர் விளம்பரங்களையும் பாருங்கள். போவதற்கு முன் விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: சீட் குழாயில் ஒட்டியிருக்கும் அளவு, பின்பற்சக்கர அடுக்கு அருகிலிருந்து, கழுத்து மூட்டின் அடிப்பக்கம். அந்த மூன்றையும் அனுப்பத் தயங்குகிறவரிடம் பஸ் ஏறிப் போக வேண்டாம்.